முகத்தைக் கெடுப்பது சன்ஸ்கிரீனா, பார்லர் டப்பாவா?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி விரிவாக எழுதியிருக்கிறார். வயது 31, தனியார் பள்ளி ஆசிரியை. நான்கு மாதக் கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறார். கர்ப்பமாக இருந்தபோது ஆறாம் மாதத்தில் இரண்டு கன்னங்களிலும் மேலுதட்டிலும் மங்கு விழுந்தது. பிரசவத்துக்குப் பிறகும் அது மறையவில்லை. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியதிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வெயிலில் போய் வருகிறார். விசேஷ வீடுகளில் "என்ன, முகம் இப்படிக் கறுத்துப் போச்சு?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்துவிட்டதாகச் சொல்கிறார்.

சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டிருந்தவர், கைபேசியில் வந்த காணொளிகளைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டார். அதிலுள்ள ரசாயனம் ரத்தத்தில் கலக்கிறது, ஹார்மோனைக் கெடுக்கிறது, தாய்ப்பாலில் போகிறது, ஹவாயில் தடையே செய்துவிட்டார்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறார். இப்போது தேங்காய் எண்ணெயும், கஸ்தூரி மஞ்சளில் எலுமிச்சைச் சாறு குழைத்த பூச்சும்தான். "கெமிக்கல் இல்லாத, பாராபென் இல்லாத சன்ஸ்கிரீன் எது? அதைக் குழந்தைக்கும் பூசலாமா?" என்பது அவருடைய கேள்வி.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இரண்டு வரி இருக்கிறது. நாத்தனார் ஒரு பார்லரிலிருந்து வாங்கித் தந்த 'நைட் கிரீம்' ஒன்றை இரண்டு மாதமாகப் பூசுகிறாராம். சின்ன வெள்ளை டப்பா, மேலே பெயர் எதுவும் இல்லை. பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. இரண்டு நாள் விட்டால் முகம் சிவந்து எரிகிறது, மறுபடி பூசினால் அடங்குகிறது. "அது நல்லா வேலை செய்யுது, அதைத் தொடரலாம்தானே?"

அன்புள்ள சகோதரிக்கு,

சன்ஸ்கிரீனைப் பற்றித்தான் நீங்கள் பக்கம் பக்கமாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலையெல்லாம் அந்தக் கடைசி இரண்டு வரியில். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த வெள்ளை டப்பா

பத்து நாளில் முகம் பளிச்சென்று வெளுப்பது, நிறுத்தினால் சிவந்து எரிவது, மறுபடி பூசினால் அடங்குவது: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் தோல் மருத்துவர் எவருக்கும் முதலில் வரும் சந்தேகம் ஸ்டீராய்டு. முகத்தைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அதற்கு அப்படியே பொருந்துகிறது. ஸ்டீராய்டு தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அழற்சியை அமுக்கும், நிறமி உற்பத்தியைக் குறைக்கும். அதனால் முதலில் முகம் அழகாகத் தெரியும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும். சிவப்பு நூல் போல ரத்தக் குழாய்கள் தெரியும், பருக்கள் கிளம்பும், கன்னத்தில் பூனை முடி அடர்ந்து வளரும். கடைசியில் கிரீம் இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு முகம் வந்துவிடும். 'ஸ்டீராய்டுக்கு அடிமையான முகம்' என்று இதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் பல ஆண்டுகளாக இதை எதிர்த்துப் பிரசாரம் செய்துவருகிறது. 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று H பட்டியலில் சேர்த்தது. அப்படியும் பெயரில்லாத டப்பாக்களில் அவை வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அடுத்த சந்தேகம் பாதரசம். தோலுக்குக் கறுப்பு தரும் நிறமியான மெலனின் உருவாவதைப் பாதரச உப்புகள் தடுக்கும் என்பதால் சில சிவப்பழகு கிரீம்களில் அதைக் கலக்கிறார்கள். கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு அதில் 'நெல்-1' (NELL-1) எனப்படும் அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஆறுதல். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, கண்ணுக்கான பொருள்களைத் தவிர மற்றவற்றில் பாதரசத்தை வேண்டுமென்று சேர்க்கவே கூடாது. அவற்றில் தற்செயலாகக் கலந்ததுகூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

உங்கள் டப்பாவில் எது இருக்கிறது, இரண்டும் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. விற்றவருக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே. நீங்கள் பால் கொடுக்கும் தாய். பாதரசம் தாய்ப்பாலில் போகும். தோளில் சாய்த்துத் தூங்க வைக்கும்போது உங்கள் கன்னத்திலிருந்து குழந்தையின் கன்னத்துக்கும் ஒட்டும். ஆகவே இன்று இரவு அதைப் பூசாதீர்கள். டப்பாவை இறுக மூடி, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குப்பையில் போட வேண்டாம், சாக்கடையில் கழுவி ஊற்றவும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டவும், தேவைப்பட்டால் பரிசோதனைக்கு அனுப்பவும் அது வேண்டும்.

பூசுவதை நிறுத்தியதும் சில வாரங்களுக்கு முகம் சிவக்கும், எரியும், பரு கிளம்பும், மங்கு முன்பைவிடக் கறுப்பாகத் தெரியும். பலரும் இந்தக் கட்டத்தில்தான் பயந்து பழைய கிரீமுக்கே திரும்பிவிடுகிறார்கள். தனியாக இதைத் தாங்க வேண்டியதில்லை. இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போங்கள். வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்துவதா, வேறு மருந்து கொடுத்து எரிச்சலைத் தணிப்பதா என்பதை முகத்தைப் பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள். ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்ற சாதாரணப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரை நுரையாகப் போனாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். பாதரச அளவை ரத்தத்திலும் சிறுநீரிலும் பார்க்க முடியும். இதையெல்லாம் படித்துவிட்டுப் பயத்தில் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த வேண்டியது கிரீமை. பாலைப் பற்றி முடிவுகளைப் பார்த்துக் குழந்தை மருத்துவர் சொல்வார்.

சன்ஸ்கிரீன் பயத்தில் உண்மை எவ்வளவு

நீங்கள் கேட்டது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆய்வாளர்கள் 2019இல் 24 பேருக்கு உடம்பில் முக்கால் பங்கு பரப்பில், தினம் நான்கு முறை, நான்கு நாள் சன்ஸ்கிரீன் பூசி ரத்தத்தைச் சோதித்தார்கள். மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமுக்கு மேல் ரத்தத்தில் இருந்தால் அந்தப் பொருளைப் பற்றி மேலும் ஆராய வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் வரம்பு. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. வெயிலைத் தடுக்கச் சன்ஸ்கிரீனில் சேர்க்கும் ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் அந்த வரம்பை வெகுவாகத் தாண்டி, சராசரியாக 170 முதல் 210 வரை போனது. மற்ற சிலவும் தாண்டின. தாய்ப்பாலிலும் ஆக்ஸிபென்சோன் கண்டறியப்பட்டிருக்கிறது.

ஆனால் ரத்தத்தில் இருக்கிறது என்பதற்கு, கேடு செய்கிறது என்று பொருள் கிடையாது. அந்த ஆய்வை நடத்தியவர்களே, இதைக் காரணம் காட்டி யாரும் சன்ஸ்கிரீனை நிறுத்த வேண்டாம் என்றுதான் எழுதினார்கள். எஃப்.டி.ஏ. 2019இல் முன்வைத்த வரைவில் வெயில் தடுப்பான்களை மூன்று வகையாகப் பிரித்திருந்தது. துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் பாதுகாப்பானவை. பாபா (PABA), ட்ரோலமீன் சாலிசிலேட் இரண்டும் பாதுகாப்பானவை அல்ல. ஆக்ஸிபென்சோன் உட்பட மற்ற 12க்கும் கூடுதல் தரவு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் ஆக்ஸிபென்சோனைத் தடை செய்யவில்லை, அளவைக் குறைத்தது: முகத்துக்கான பொருளில் அதிகபட்சம் 6 சதவீதம், உடல் முழுக்கப் பூசுவதில் 2.2 சதவீதம்.

ஹவாய் விஷயமும் காணொளிகளில் திரிந்துதான் வருகிறது. 2021 ஜனவரி முதல் அங்கே ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீனை விற்கக் கூடாது என்பது உண்மை. கடலில் குளிப்பவர்கள் உடம்பிலிருந்து கரைந்து பவளப்பாறைகளைக் கெடுக்கும் என்பதற்காக வந்த சட்டம் அது. பலாவ் தீவு நாடு அதற்கும் ஒரு வருடம் முன்பே அதைச் செய்தது. மனிதத் தோலுக்கு விஷம் என்று அவர்கள் சொல்லவில்லை.

இதையெல்லாம் எடை போட்டு உங்களுக்கு நான் சொல்வது இதுதான். பால் கொடுக்கும் காலத்தில் ஆக்ஸிபென்சோனைத் தவிர்க்க நினைப்பது நியாயம். நல்ல மாற்று கையில் இருக்கும்போது சந்தேகமானதைப் பூச வேண்டிய தேவை இல்லை. லேபிளில் 'பென்சோபீனோன்-3' என்று இருந்தாலும் அதுதான் இது. அதற்காகச் சன்ஸ்கிரீனையே விட்டுவிட்டு மங்கு முகத்தோடு வெயிலில் வண்டி ஓட்டினால் நிச்சயமாகக் கேடு உண்டு. எங்கள் துறையில் மங்குக்கு எத்தனையோ மருந்து இருக்கிறது. வெயிலைத் தடுக்காமல் எதுவும் நிற்பதில்லை.

எதை வாங்குவது

துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு ஆகிய இரண்டில் ஒன்றோ இரண்டுமோ மட்டும் வெயில் தடுப்பானாக இருக்கிற கிரீமைத் தேர்ந்தெடுங்கள். கடைகளில் மினரல் அல்லது பிசிக்கல் சன்ஸ்கிரீன் என்றால் தருவார்கள். இவை தோலின் மேல் செத்த அடுக்கைத் தாண்டி உள்ளே போவதில்லை. எரிச்சல் தருவதும் குறைவு, ஸ்டீராய்டால் மெலிந்த தோலுக்கு அது முக்கியம். ஒரே குறை, நம் நிறத்துக்கு அவை சாம்பல் பூசியது போலத் தெரியும். அதனால் லேசான பழுப்பு நிறம் சேர்த்ததாகக் கேளுங்கள். இது வெறும் அழகுக்காகச் சொல்வதில்லை. மங்கை அதிகமாக்குவது புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் ஒளியும்தான், முக்கியமாக நம்மைப் போன்ற மாநிறத் தோலில். சாதாரண சன்ஸ்கிரீன் அந்த ஒளியைத் தடுக்காது. பழுப்பு நிறம் தரும் இரும்பு ஆக்சைடு தடுக்கும். மங்குக்காரர்களுக்கு நான் முதலில் எழுதிக் கொடுப்பது இந்த வகைதான்.

மினரல் ஒத்துவராவிட்டால், பெமோட்ரிசினால் போன்ற பெரிய மூலக்கூறு வெயில் தடுப்பான்கள் உள்ளதை வாங்கலாம். தோலுக்குள் மிகக் குறைவாகவே ஊடுருவும். ஐரோப்பாவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது.

வெயில் தடுப்பு அளவான எஸ்.பி.எஃப். 30 இருந்தால் போதும், 50 இருந்தால் நல்லது. 30 என்பது யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98 சதவீதத்தை. 100 என்று அச்சிட்டதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கிறதா என்று பாருங்கள். அது யு.வி.ஏ. என்ற இன்னொரு புற ஊதாக் கதிருக்கான அளவு, ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வருவது அந்தக் கதிர்தான். ஸ்ப்ரே வேண்டாம், மூச்சில் போகும். 2021இல் அமெரிக்காவில் பென்சீன் மாசு கண்டு திரும்பப் பெறப்பட்டவற்றிலும் ஸ்ப்ரே வகைகள்தான் அதிகம்.

அளவில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் அது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்கு. பட்டாணி அளவு தொட்டுத் தேய்த்தால் லேபிளில் சொன்ன எஸ்.பி.எஃப்.பில் பாதிகூடக் கிடைக்காது. வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும். வகுப்பறைக்குள்ளேயே இருக்கும் நாளில் காலையில் ஒரு முறை, மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு முறை போதும். வண்டியில் போகும்போது முகத்தைச் சுற்றித் துப்பட்டாவும் கண்ணாடி இறக்கிய ஹெல்மெட்டும் போடுங்கள். நெருக்கமாக நெய்த துணி செய்யும் காவலுக்குச் செலவும் இல்லை, பக்க விளைவும் இல்லை.

'கெமிக்கல் இல்லாதது' என்று எதுவும் இல்லை

துத்தநாக ஆக்சைடும் கெமிக்கல், தண்ணீரும் கெமிக்கல். 'ஆர்கானிக்', 'நேச்சுரல்', 'தோல் மருத்துவர்கள் பரிசோதித்தது' என்ற வாசகங்களை நம்பி எதையும் வாங்காதீர்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் பட்டியல்தான் பேசும்.

பாராபென் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். கிரீமில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளராமல் காப்பவை பாராபென்கள். ஐரோப்பா 2014இல் ஐந்து வகைப் பாராபென்களைத் தடை செய்தது. மெத்தில், எத்தில் வகைகளை அளவோடு அனுமதித்தே இருக்கிறது. பயம் பரவியதும் நிறுவனங்கள் பலவும் 'பாராபென் இல்லாதது' என்று அச்சிட்டு, அதற்குப் பதிலாக மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற பொருளைச் சேர்த்தன. அதனால் வந்த தோல் ஒவ்வாமை எக்கச்சக்கம். அமெரிக்கத் தொடு ஒவ்வாமை சங்கம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அதை அறிவித்தது. 2017இல் ஐரோப்பா, பூசிவிட்டு அப்படியே விடும் பொருள்களில் அதைத் தடை செய்தது. அதே சங்கம் 2019இல் பாராபென்களை 'ஒவ்வாமை தராத பொருள்' என்று அறிவித்தது. ஆகவே பாராபென் இருக்கிறதா என்பதைவிட மெத்தில் ஐசோதயசோலினோன் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்ததாக வாசனைப் பொருள்: 'ஃபிராக்ரன்ஸ்' அல்லது 'பர்ஃப்யூம்' என்று ஒரே சொல்லுக்குள் பல பொருள்களை அடக்கியிருப்பார்கள். உங்கள் முகம் இப்போதிருக்கும் நிலையில் வாசனை இல்லாததே நல்லது.

எலுமிச்சையை இன்றே நிறுத்துங்கள். அதிலுள்ள ஃபியூரோகூமரின் என்ற பொருள்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம் போலப் புண்ணாகி, மாதக்கணக்கில் கரும்படையாக நிற்கும். மங்குக்கு மேல் இன்னொரு கறை நமக்குத் தேவையில்லை. கஸ்தூரி மஞ்சள் பெரும்பாலோருக்குக் கேடு செய்யாது. ஆனால் அதற்கும் ஒவ்வாமை உண்டு, வெயிலையும் அது தடுக்காது. தேங்காய் எண்ணெய் கை கால் வறட்சிக்கு நன்றாகவே உதவும், சன்ஸ்கிரீன் வேலையை மட்டும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் ஒரு பொருள் சிலருக்கு நெற்றியில் வெண்புள்ளியை உண்டாக்கும். தலைச்சாயத்தில் இருக்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் சிலருக்கு நெற்றியோரமும் காதோரமும் கறுக்க வைக்கும். முகத்தில் நிறம் மாறினால் இந்த இரண்டையும் மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

புதிதாக எதை வாங்கினாலும் முழங்கை மடிப்பில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வராவிட்டால் முகத்துக்கு. முகம் கழுவக் குளியல் சோப்பு வேண்டாம், அதன் காரத்தன்மை மெலிந்த தோலை இன்னும் வறட்டும். சோப்பு இல்லாத மென்மையான கிளென்சரும் வாசனையில்லாத ஒரு மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் போதும். மங்குக்கான மருந்தை முகத்தின் எரிச்சல் அடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். அசெலாயிக் அமிலம், நியாசினமைடு இரண்டும் பால் கொடுக்கும் காலத்திலும் பயன்படுத்தக் கூடியவை. ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் இப்போது வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் மங்கு தானாகவே குறைவதும் உண்டு.

குழந்தைக்கு

நான்கு மாதக் குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் பூச வேண்டாம். ஆறு மாதம் வரை நிழல், தொப்பி, கையும் காலும் மூடிய மெல்லிய பருத்திச் சட்டை, குடை. காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை வெளியே தூக்கிக்கொண்டு போவதைத் தவிருங்கள். ஆறு மாதம் ஆன பிறகு, மூட முடியாத இடங்களுக்கு மட்டும் வாசனையில்லாத மினரல் சன்ஸ்கிரீன் கொஞ்சம் தொட்டுப் பூசலாம். நீங்கள் பூசியிருக்கும் சன்ஸ்கிரீன் நன்றாக உலர்ந்த பிறகு குழந்தையைத் தூக்குங்கள். மார்பில் பூசியிருந்தால் பால் கொடுக்கும் முன் துடைத்துவிடுங்கள்.

பார்லரையும் நாத்தனாரையும் என்ன செய்வது

தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், உட்பொருள்கள், காலாவதித் தேதி இல்லாமல் அழகுசாதனப் பொருளை விற்பது சட்டப்படி குற்றம். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண் இருக்க வேண்டும். தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும் என்று எழுதியிருக்கும் கிரீமைக் கையாலும் தொடாதீர்கள், அது பாதரசத்துக்கான எச்சரிக்கை. உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் டப்பாவோடு எழுத்தில் புகார் கொடுக்கலாம். எப்படிக் கொடுப்பது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துக் கேளுங்கள்.

குடும்பத்தில் சண்டை வரும் என்று தயங்குவீர்கள், புரிகிறது. நாத்தனார் உங்கள் நல்லதுக்காகவே வாங்கித் தந்திருக்கிறார். அவரும் அதைத்தான் ஒரு வருடமாகப் பூசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களைவிட அவருக்குத்தான் ஆபத்து அதிகம். புகாரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். "அண்ணி, நான் டாக்டரைப் பார்க்கப் போறேன், துணைக்கு வாங்க" என்று கூப்பிடுங்கள். அங்கே போனதும் அவருக்கும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை எழுதச் சொல்லுங்கள்.